சிறு பரிசுகள், சிற்றிதழ் வெளியீடுகள், முதல் தொகுப்பு: ஒரு கவிஞர் எதற்கு எவ்வளவு மதிப்புத் தர வேண்டும்?

புன்னை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நீண்ட காலமாகக் கவிதை எழுதி வருகிறேன். அச்சிதழ்களிலும் இணைய இதழ்களிலும் சில கவிதைகள் வெளிவந்துள்ளன. போட்டிகளில் மூன்றாம் பரிசு, ஊக்கப் பரிசு என்ற அளவில் வெற்றி கிடைத்திருக்கிறது. வேறு சில போட்டிகளில் என் கவிதைகள் நெடும்பட்டியல் வரை சென்று அத்துடன் நின்றுவிட்டன. முதல் பரிசு என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. இப்போது முதல் தொகுப்புக்கான கைப்பிரதியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறேன். பின்னட்டைக்குத் தன்குறிப்பு ஒன்று வேண்டும் என்பதால், இதுவரை வெளியானவற்றையும் பரிசு பெற்றவற்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தேன்.

பட்டியலைப் படித்தபோது மனத்தில் ஒரு நெருடல் எழுந்தது. பரிசு பெற்ற கவிதைகளில் சில, நான் எழுதியவற்றுள் சிறந்தவை என்று எனக்கே தோன்றவில்லை. நான் மிகவும் நம்புகிற சில கவிதைகளோ எந்த இதழிலும் இடம்பெறவில்லை, எந்தப் போட்டியிலும் தேறவில்லை. அப்படியானால் இந்தச் சிறு வெற்றிகளை எப்படி எடுத்துக்கொள்வது? தன்குறிப்பில் ஊக்கப் பரிசைக் குறிப்பிடுவது முறையா, தற்பெருமையா? தொகுப்புக்குக் கவிதைகளைத் தேர்ந்தெடுக்கும்போது, "ஏற்கெனவே ஒருவர் தேர்ந்தெடுத்தது" என்பதற்கு எவ்வளவு மதிப்புத் தரலாம்? இதழாசிரியர்களாகவும் நடுவர்களாகவும் இருந்தவர்கள் விரிவாகச் சொன்னால் மகிழ்வேன்.

தாழிசை எழுதியது:

வணக்கம் புன்னை. ஒரு சிற்றிதழின் ஆசிரியர் குழுவில் கவிதைப் பகுதியைக் கவனித்துக்கொண்ட அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் தன்குறிப்பு. பொறுப்புள்ள ஆசிரியர் எவரும் கவிதையைப் படிப்பதற்கு முன் தன்குறிப்பைப் படிப்பதில்லை. கவிதை பிடித்த பிறகு, "இவர் யார், வேறு எங்கே எழுதுகிறார்" என்ற ஆவலில்தான் அதைத் தேடுவோம். ஆகவே மூன்று நான்கு வரிகள் போதும்: அண்மையில் கவிதை வெளியான இரண்டு மூன்று இதழ்களின் பெயர்கள், ஒன்றிரண்டு பரிசுகள், வேண்டுமானால் தொகுப்பைப் பற்றி ஒரு வரி. "பல பரிசுகளை வென்றவர்" என்ற சொற்றொடர் வாசகருக்கு எதையும் தெரிவிப்பதில்லை. போட்டியின் பெயர், ஆண்டு, பெற்ற பரிசின் நிலை ஆகிய மூன்றையும் உள்ளது உள்ளபடி எழுதினால் அது தகவலாகிவிடுகிறது. தகவலில் தற்பெருமை ஏதும் இல்லை. ஊக்கப் பரிசை ஊக்கப் பரிசு என்றே எழுதுங்கள். அப்படி எழுதுகிறவர்மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

சிற்றிதழ் வெளியீட்டைச் சிறு வெற்றி என்று நீங்கள் கருதுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தமிழில் புதுக்கவிதை வேர்விட்டதே சிற்றிதழ்களில்தான். சி. சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து', விற்பனையை வைத்துப் பார்த்தால் மிகச் சிறிய இதழ். அந்த இதழின் கவிதைகளிலிருந்து 1962இல் அவர் தொகுத்த 'புதுக்குரல்கள்' 24 கவிஞர்களின் 63 கவிதைகளை மட்டுமே கொண்டது. அந்த மெல்லிய நூலை விட்டுவிட்டு இன்று தமிழ்ப் புதுக்கவிதையின் வரலாற்றை எவரும் எழுத முடியாது. பாரதியின் பாடல்களில் முதன்முதலில் அச்சேறிய 'தனிமை இரக்கம்' 1904இல் 'விவேகபாநு' என்ற இதழில்தான் வந்தது. அந்த இதழை இன்று பெரும்பாலோர் அந்தப் பாடலின் பொருட்டே நினைவுகூர்கிறார்கள்.

மற்றொன்று, நடைமுறை சார்ந்தது. ஒவ்வொரு கவிதைக்கும் ஒரு பதிவு வைத்திருங்கள்: எழுதிய காலம், எங்கே எப்போது அனுப்பினீர்கள், என்ன பதில் வந்தது, வெளியாகியிருந்தால் எந்த இதழ், எந்த எண், உரிமை யாரிடம் உள்ளது. இணைய இதழ்கள் நின்றுபோனால் பக்கங்களும் மறைந்துவிடுகின்றன. வெளியான அன்றே ஒரு படியைச் சேமித்துக்கொள்ளுங்கள். தொகுப்பு அச்சுக்குப் போகும் வேளையில் இந்தப் பதிவு இல்லாமல் திண்டாடியவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

நேரிசை எழுதியது:

நான் மரபில் எழுதுகிறவன். எங்கள் பக்கத்துப் போட்டிகள் சற்று வேறு வகைப்பட்டவை என்பதால் அதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஈற்றடியை, அதாவது பாடலின் கடைசி அடியை, கொடுத்து வெண்பா எழுதச் சொல்லும் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நேரிசை வெண்பாவில் மொத்தம் பதினைந்து சீர்கள். ஈற்றடியின் மூன்று சீர்கள் கொடுக்கப்பட்டுவிடுவதால் நம் கையில் இருப்பவை பன்னிரண்டு. நேர், நிரை என்பவை அசையின் வகைகள்; மா, விளம், காய் என்பவை அசைகளால் ஆன சீரின் வகைகள். கொடுக்கப்பட்ட ஈற்றடி நிரையசையில் தொடங்கினால் மூன்றாம் அடி மாச்சீரில் முடிய வேண்டும். நேரசையில் தொடங்கினால் விளச்சீரிலோ காய்ச்சீரிலோ முடிய வேண்டும். ஆக, பிறர் எழுதிய ஒரு வரி, நாம் இன்னும் எழுதாத வரியின் கடைசிச் சொல்லை ஏற்கெனவே பாதி தீர்மானித்துவிடுகிறது. அந்த இறுக்கத்துக்குள் பொருளையும் கொண்டுவந்து சேர்ப்பது பெரும் பயிற்சி. அதே ஈற்றடிக்கு மற்றவர்கள் எழுதியவற்றைப் பிறகு படிக்கும்போது கிடைக்கும் படிப்பினையை எந்த யாப்பு நூலும் தருவதில்லை: நாம் விட்டுவிட்ட வழிகள் அத்தனையும் அங்கே வரிசையாக நிற்கும்.

ஆனால் அப்படிப் பரிசு பெற்ற வெண்பாக்களில் மிகச் சிலவற்றையே நான் என் தொகுப்பில் சேர்த்தேன். ஈற்றடியின் பொருட்டு எழுதப்பட்ட பாடல், அந்தச் சவால் மறந்துபோன பிறகும் தானாக நிற்கிறதா என்று பார்ப்பேன். பெரும்பாலானவை நிற்பதில்லை. அவை பயிற்சியாகத் தம் கடமையைச் செய்து முடித்தவை.

கார்காலம் எழுதியது:

கவிதைப் போட்டிகள் பலவற்றில் நடுவராக இருந்திருக்கிறேன். தேர்வு உள்ளே எப்படி நடக்கிறது என்று தெரிந்தால், புன்னையின் நெருடல் ஓரளவு தீரும் என்று நினைக்கிறேன்.

வந்து சேரும் கவிதைகள் அனைத்தையும் எல்லா நடுவர்களும் படிப்பது சிறிய போட்டிகளில் மட்டுமே நடக்கும். பெரியவற்றில் முதல்கட்ட வாசகர்கள் சிலர் வடிகட்டி நெடும்பட்டியல் ஒன்றைத் தருவார்கள். அந்தக் கட்டத்தில் ஒரு கவிதைக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. முதல் வரியிலேயே தன் இருப்பை அறிவிக்கும் கவிதைக்கு அது சாதகம்; மெல்லத் தொடங்கி ஐந்தாவது, ஆறாவது வரியில் திறக்கும் கவிதைக்குப் பாதகம். மேலும், தாய், மழை, வெட்டப்பட்ட மரம் ஆகியவற்றைப் பற்றிய கவிதைகள் கட்டுக்கட்டாக வரும். தனியாகப் படித்திருந்தால் நல்லதாகத் தோன்றியிருக்கும் ஒரு கவிதை, அதே பொருளில் அமைந்த மற்றவற்றின் நடுவே ஒளி குன்றிவிடுகிறது. இது கவிதையின் குறை இல்லை. ஆனாலும் விளைவு ஒன்றுதான்.

அடுத்தது மதிப்பெண். நடுவர்கள் மூவர் தனித்தனியே மதிப்பெண் இட்டுக் கூட்டினால், மூவரும் மிதமாக விரும்பிய கவிதை முன்னே வந்துவிடும். ஒருவர் உயிரைக் கொடுத்து வாதாடியும் மற்றொருவர் மறுத்துவிட்ட கவிதை பின்னுக்குப் போகும். அத்தகைய கவிதைக்கு, வாதாடிய நடுவரின் பிடிவாதத்தால், கடைசியில் ஓர் ஊக்கப் பரிசு வந்து சேர்வதுண்டு. நான் மறக்க முடியாமல் வைத்திருக்கும் போட்டிக் கவிதைகளில் பெரும்பாலானவை முதல் பரிசு பெற்றவை அல்ல. எனவே உங்கள் ஊக்கப் பரிசுகளில் சில, எல்லோரும் தலையசைத்ததால் கிடைத்தவையாக இருக்கலாம். சில, ஒரே ஒருவர் அந்தக் கவிதையை ஆழமாக நேசித்ததால் கிடைத்தவையாக இருக்கலாம். நடுவர் குறிப்பு வெளியிடப்பட்டிருந்தால் அதைத் தேடிப் படியுங்கள். பரிசின் படிநிலையைவிட அந்தக் குறிப்பு பல மடங்கு பயனுடையது.

பெயர் மறைத்துத் தேர்வு செய்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1912இல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஒலிம்பிக்கில் முதன்முறையாகக் கலைப் போட்டிகள் இடம்பெற்றன. இலக்கியத்துக்கான தங்கப் பதக்கம் விளையாட்டைப் போற்றும் ஒரு கவிதைக்குக் கிடைத்தது. அதை எழுதியவர்களாக ஹோரோட், எஷ்பாக் என்ற இரு பெயர்கள் தரப்பட்டிருந்தன. அந்த இரு புனைபெயர்களுக்கும் பின்னால் இருந்தவர், நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிவைத்த பியர் தெ குபெர்த்தென். 1833இல் பால்டிமோர் நகரத்து வார இதழ் ஒன்று சிறுகதைக்கும் கவிதைக்கும் தனித்தனியே போட்டி வைத்தது. எட்கர் ஆலன் போ இரண்டிலும் கலந்துகொண்டு சிறுகதைக்கான 50 டாலர் பரிசைப் பெற்றார். கவிதைப் பரிசு புனைபெயரில் எழுதிய வேறொருவருக்குப் போயிற்று. அவர் அந்த இதழின் ஆசிரியரே என்று தெரிந்தபோது போ கடும் சினம் கொண்டார். பெயரை மறைப்பது மட்டும் நேர்மையை உறுதிசெய்துவிடாது. யார் கலந்துகொள்ளக் கூடாது என்ற விதியும் சேர்ந்து இருக்க வேண்டும். நல்ல போட்டிகள் இரண்டையும் எழுத்தில் வைத்திருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்த முறை ஜப்பானிய ஹைக்கூ கவிஞர்களின் கூடுகையில் உள்ளது. 'குகாய்' எனப்படும் அந்தக் கூடுகையில் எல்லோரும் பெயரிடாமல் கவிதைகளை வைக்கிறார்கள். பிறகு எல்லோருமே தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்வு முடிந்த பின்னரே எழுதியவர் தம் பெயரைச் சொல்கிறார். அங்கே நடுவர் என்று தனியாக ஒருவர் இருந்தாலும், எழுதுகிற ஒவ்வொருவரும் தேர்ந்தெடுக்கிறவராகவும் இருக்கிறார். பிறர் கவிதையைப் பொறுப்புடன் தேர்ந்தெடுக்கப் பழகியவருக்குத் தம் கவிதையைத் தேர்ந்தெடுப்பதும் கைவருகிறது. தொகுப்புக்கு முன் நீங்கள் நண்பர்கள் சிலருடன் இதைச் செய்து பார்க்கலாம்.

வரப்பு எழுதியது:

எல்லோரும் பரிசுகளின் உள்விவரங்களையே பேசுகிறீர்கள். எனக்கு இதில் அடிப்படையிலேயே கருத்து வேறுபாடு உண்டு.

எமிலி டிக்கின்சன் ஏறத்தாழ 1,800 கவிதைகள் எழுதினார். அவர் வாழ்ந்த காலத்தில் அச்சானவை பத்து அளவிலேயே இருந்தன. ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸ் 1889இல் இறந்தார். அவர் கவிதைகள் நூலாக வந்தது 1918இல். இவர்களுடைய "வெளியீட்டுப் பட்டியலை" அவர்கள் காலத்தில் யாராவது கேட்டிருந்தால் என்ன காட்டியிருப்பார்கள்? நம் மரபிலும், தருமிக்குப் பொற்கிழி கிடைத்த கதையைத் திருவிளையாடற் புராணம் விரிவாகச் சொல்கிறது. ஆனால் அதைப் பெற்றுத் தந்த குறுந்தொகையின் இரண்டாம் பாடலை இன்று விரும்பிப் படிப்பவர் எவரும் அந்தப் பொற்கிழிக்காகப் படிப்பதில்லை. தும்பியை அழைத்துக் கேட்கும் அந்தக் குரலுக்காகப் படிக்கிறார்கள்.

போட்டிக்கென்று எழுதத் தொடங்கினால், எது தேறும் என்ற கணக்கு மெல்ல மெல்ல எழுத்துக்குள் புகுந்துவிடும். புன்னை தம் மிகச் சிறந்த கவிதைகள் தேறவில்லை என்கிறார். அந்தக் கணக்கு இன்னும் அவருக்குள் புகவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். அதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள். தன்குறிப்பில் பெயர் ஒன்று போதும்.

தாழிசை எழுதியது:

வரப்பு அவர்களே, உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் காட்டிய இரண்டு சான்றுகளும் வேறொன்றையும் சேர்த்தே சொல்கின்றன. டிக்கின்சன் தம் கவிதைகளை நூற்றுக்கணக்கில் கடிதங்களுடன் நண்பர்களுக்கும் உறவினருக்கும் அனுப்பிக்கொண்டே இருந்தார். ஹாப்கின்ஸின் கவிதைகளை ராபர்ட் பிரிட்ஜஸ் என்ற கவிஞர் ஆண்டுக்கணக்கில் கடிதம் வழியே படித்து விவாதித்தார். 1918இல் அவற்றைப் பதிப்பித்தவரும் அவரே. அவர்களுக்கு அச்சுத்தான் வாய்க்கவில்லை. கூர்ந்து படிக்கும் வாசகர் இருந்தார்.

அப்படி ஒரு நண்பர் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. நம்மை அறியாத, நமக்கு எந்தக் கடமையும் இல்லாத ஒருவர் நம் கவிதையைக் கடைசி வரி வரை படித்து "இது இருக்கட்டும்" என்று எடுத்து வைத்தார் என்பதே சிற்றிதழ் வெளியீட்டிலும் சிறு பரிசிலும் உள்ள உண்மையான செய்தி. பணமும் சான்றிதழும் அதன்பின் வருபவை. வீட்டாரும் நண்பர்களும் பாராட்டும்போது அவர்கள் பாராட்டுவது கவிதையையா நம்மையா என்று பிரித்தறிய முடிவதில்லை. அறியாதவரின் தேர்வில் அந்தக் குழப்பம் இல்லை. எழுதுகிறவருக்கு, குறிப்பாகத் தனிமையில் எழுதுகிறவருக்கு, இது தேவை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வரப்பு எழுதியது:

அறியாத வாசகர் தேவை என்பதை ஏற்கிறேன். அந்த வாசகர் நடுவர் இருக்கையில்தான் அமர்ந்திருக்க வேண்டும் என்பதை ஏற்கவில்லை. இதழ்களுக்கு அனுப்புவதில் எனக்கு மறுப்பில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

செங்காந்தள் எழுதியது:

என் முதல் தொகுப்பை நானே பதிப்பித்தேன். இரண்டாவதைப் பதிப்பகம் ஒன்று கொண்டுவந்தது. இரண்டையும் ஒப்பிட்டுச் சில செய்திகளைச் சொல்கிறேன்.

சொந்தப் பதிப்பைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை. வால்ட் விட்மனின் 'புல்லின் இதழ்கள்' 1855இல் அவர் தம் சொந்தச் செலவில் கொண்டுவந்த நூல். அதில் இருந்தவை பன்னிரண்டு கவிதைகள் மட்டுமே. வாழ்நாள் முழுவதும் அதையே விரித்தும் திருத்தியும் பதிப்பித்துக்கொண்டிருந்தார். இன்று தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்துவிட்டதால் நூறு படிகளைக்கூட அடுக்கி வைக்க வேண்டியதில்லை. ஆனால் பதிப்பகம் செய்யும் ஒரு வேலையைச் சொந்தப் பதிப்பில் நாம் வேறொருவரிடம் கேட்டுப் பெற வேண்டும்: "இந்தக் கவிதை வேண்டாம்" என்று சொல்லும் வேலை. மெய்ப்புத் திருத்துபவரைத் தேடுவதற்கு முன் அப்படிச் சொல்லக்கூடியவரைத் தேடுங்கள்.

காலம் கடந்துவிட்டது என்ற பதற்றமும் வேண்டாம். ராபர்ட் ஃப்ராஸ்ட் ஒரு கவிதையை இதழுக்கு முதன்முதலில் விற்றது 1894இல். அவருடைய முதல் தொகுப்பு வெளிவந்தது 1913இல். இடைப்பட்ட அத்தனை ஆண்டுகளிலும் அவர் எழுதிக்கொண்டே இருந்தார். 1996இல் நோபல் பரிசு பெற்ற விஸ்வாவா சிம்போர்ஸ்கா தம் முதல் இரு தொகுப்புகளிலிருந்து பெரும்பாலான கவிதைகளைப் பின்னாளில் ஒதுக்கிவிட்டார். முன்பு வெளியானது என்பதற்காக அவர் எதையும் காப்பாற்றவில்லை.

தேர்வைப் பற்றி: பரிசு பெற்ற கவிதைகளை முன்னால் அடுக்கிவிட்டுப் பிறகு மற்றவற்றைச் சேர்க்கும் வழக்கம் பலரிடம் உண்டு. அதைத் தவிர்த்துவிடுங்கள். போட்டிக் கவிதை தன்னளவில் முழுமை பெற்றதாக, உரத்த முடிவுள்ளதாக இருக்கும். அத்தகைய கவிதைகள் அடுத்தடுத்து வந்தால் வாசகர் ஒவ்வொரு பக்கத்திலும் கைதட்டலுக்குத் தயாராக வேண்டியிருக்கும், விரைவில் களைத்துப்போவார். தொகுப்பில் இரண்டு உரத்த கவிதைகளுக்கு நடுவே ஒரு தாழ்ந்த குரல் தேவைப்படுகிறது. எந்தப் போட்டியிலும் தேறாத உங்கள் கவிதைகளுக்கு இயல்பான இடம் அங்கேதான் இருக்கலாம். கவிதைகளைத் தனித்தனித் தாளில் அச்செடுத்துத் தரையில் பரப்பி, ஒன்றின் கடைசி வரியிலிருந்து அடுத்ததன் முதல் வரிக்கு நடந்து பாருங்கள். திரையில் பார்க்கும்போது தெரியாத உறவுகள் அப்போது தெரியும். ஒரே உவமை மூன்று கவிதைகளில் வந்திருப்பதும் தெரியும்.

அலைவாய் எழுதியது:

புதிதாக எழுத வருகிறவர்களும் இந்த இழையைப் படிப்பார்கள் என்பதால், போட்டிகளின் விதிமுறைகளைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்கிறேன்.

சில அறிவிப்புகளில் கலந்துகொண்ட ஏறத்தாழ அனைவருமே "தேர்ந்தெடுக்கப்பட்டவர்" ஆகிவிடுவார்கள். அவர்களுடைய கவிதைகள் ஒரு பெருந்தொகுப்பாக வரும். அந்தத் தொகுப்பை அவரவரே விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். அங்கே வருவாய் தருகிறவர் கவிஞர். வாசகர் என்று எவரும் இல்லை. நடுவர்கள் யார் என்ற அறிவிப்பு இல்லாமை, முந்தைய ஆண்டுகளில் வென்ற கவிதைகளைப் பொதுவில் படிக்க முடியாமை, பரிசு இன்னதென்று தெளிவாகச் சொல்லாமல் கட்டணத்தை மட்டும் தெளிவாகச் சொல்வது ஆகியவற்றைக் கண்டால் விலகிவிடுங்கள். கட்டணம் வாங்குவதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. நடுவருக்கு மதிப்பூதியம் தரவும் பரிசுத் தொகைக்கும் அது தேவைப்படலாம். ஆனால் அது எதற்குப் போகிறது என்பது தெரிய வேண்டும்.

அதைவிட முக்கியமானது உரிமை. கவிதையை ஒரு முறை வெளியிடும் உரிமையைக் கேட்பது இயல்பானது. "அனுப்பப்படும் படைப்புகள் அனைத்தின் முழு உரிமையும் அமைப்பாளருக்கே" என்ற வரி இருந்தால், பரிசு பெறாத கவிதையைக்கூட நாளை உங்கள் தொகுப்பில் சேர்க்க அவர்களிடம் அனுமதி கேட்க நேரிடலாம். பெரும்பாலான போட்டிகள் இதுவரை வெளியாகாத கவிதையையே கேட்கின்றன. சமூக ஊடகத்தில் பதிவிட்டதையும் வெளியானதாகவே சில போட்டிகள் கணக்கிடுகின்றன. ஒரே கவிதையை ஒரே வேளையில் இரண்டு இடங்களுக்கு அனுப்பலாமா என்பதையும் விதியில் பாருங்கள். அனுமதி இருந்தாலும், ஓரிடத்தில் ஏற்கப்பட்டவுடன் மற்றோரிடத்துக்கு உடனே தெரிவிப்பது கடமை.

புன்னை எழுதியது:

இவ்வளவு அக்கறையுடன் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கார்காலம் ஐயா சொன்னபடி பழைய நடுவர் குறிப்புகளைத் தேடி எடுத்தேன். ஒரு குறிப்பில், கவிதையின் இறுதிப் பகுதி விளக்கமாகிவிட்டது என்று எழுதியிருந்தது. இப்போது படிக்கும்போது எனக்கும் அப்படியே தோன்றுகிறது. அதிலிருந்து இரண்டு கேள்விகள். பரிசு பெற்று அச்சிலும் வந்துவிட்ட கவிதையைத் தொகுப்பில் சேர்க்கும்போது திருத்தலாமா, அல்லது பரிசு பெற்ற வடிவத்தையே தர வேண்டுமா? இரண்டாவது, எங்கும் தேறாத, ஆனால் நான் நம்பும் கவிதைகளை என்ன செய்வது? செங்காந்தள் அம்மா அவற்றுக்குத் தொகுப்பில் இடம் இருக்கலாம் என்கிறார். என் நம்பிக்கை சரியானதா, வெறும் பற்றா என்று எப்படி அறிவது?

நேரிசை எழுதியது:

முதல் கேள்விக்கு நான் தயக்கமின்றிச் சொல்வேன்: திருத்துங்கள். ஐரிஷ் கவிஞர் யேட்ஸ் தம் இளமைக்காலக் கவிதைகளைப் புகழ்பெற்ற பிறகும் பதிப்புக்குப் பதிப்பு திருத்திக்கொண்டிருந்தார். பரிசு அந்தக் கவிதைக்கு ஒரு நாளில் ஒரு குழு தந்த மதிப்பு. கவிதையின் பொறுப்பு உங்களிடமே இருக்கிறது. போட்டி நடத்தியவர்கள் தங்கள் வெளியீட்டில் மூல வடிவத்தை வைத்திருப்பார்கள். அதற்குக் குறையேதும் நேராது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். நடுவர் சொன்னார் என்பதற்காக இறுதி வரிகளை வெட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். முடிவு விளக்கமாகிவிட்டது என்றால், பெரும்பாலும் நடுப்பகுதியில் ஏதோ ஒன்று சொல்லப்படாமல் போயிருக்கும்; அந்தக் குறையை ஈடுசெய்யவே முடிவு பேசத் தொடங்கியிருக்கும். அந்த இடத்தைத் தேடுங்கள்.

கார்காலம் எழுதியது:

இரண்டாவது கேள்வி கடினமானது. நான் பின்பற்றும் முறையைச் சொல்கிறேன்.

நம்பிக்கைக்கும் பற்றுக்கும் உள்ள வேறுபாடு, அந்தக் கவிதையைப் பற்றி நாம் என்ன சொல்லத் தொடங்குகிறோம் என்பதில் தெரியும். கவிதை எழுந்த சூழலையும் அதை எழுதும்போது நாம் பட்ட துயரத்தையும் சொன்னால்தான் அது பிறருக்குப் புரியும் என்று தோன்றினால், நாம் நேசிப்பது அந்தச் சூழலை. அது இன்னும் தாளில் முழுமையாக வந்து சேரவில்லை. மாறாக, "இந்த மூன்றாம் வரியின் ஓசையைப் பாருங்கள், இந்தச் சொல் இரண்டு பக்கமும் திரும்புவதைப் பாருங்கள்" என்று தாளைச் சுட்டிக்காட்டிப் பேச முடிந்தால், அந்த நம்பிக்கைக்கு அடித்தளம் இருக்கிறது. இதழ்கள் மறுத்ததற்கு வேறு காரணங்கள் இருந்திருக்கலாம்: நீளம், அந்த இதழின் சுவை, அதே மாதம் அதே பொருளில் ஏற்கெனவே எடுத்துவைத்த வேறொரு கவிதை. மறுப்புக் கடிதங்களில் பெரும்பாலும் காரணம் இருப்பதில்லை. அதனால் காரணத்தை நாமே கற்பனை செய்துகொண்டு கவிதையைத் தண்டிக்கவும் கூடாது.

நம் மன்றத்தின் கவிதைப் பட்டறைப் பகுதியில் குகாய் முறையை நடத்திப் பார்க்கலாம். பரிசு பெற்றவை, பெறாதவை என்று சொல்லாமல் கலந்து எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள். விரும்புகிற மற்றவர்களும் அனுப்பலாம். பெயர்களை நீக்கிப் பதிவிடுகிறேன். ஒவ்வொருவரும் ஐந்து கவிதைகளைத் தேர்ந்தெடுத்து, ஏன் என்று இரண்டு வரிகளில் எழுத வேண்டும். தம் கவிதையைத் தாமே தேர்ந்தெடுக்கக் கூடாது. வரப்பு அவர்களும் கலந்துகொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

வரப்பு எழுதியது:

பரிசு இல்லை என்பதால் மகிழ்ச்சியுடன் வருகிறேன். மூன்று கவிதைகள் அனுப்பியிருக்கிறேன்.

தாழிசை எழுதியது:

நானும் அனுப்புகிறேன். திருத்திய கவிதைகளைப் பற்றி ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன், ஏனெனில் புன்னையின் கைப்பிரதிக்கு இது உடனே தேவைப்படும். நூலின் தொடக்கத்திலோ இறுதியிலோ ஒரு நன்றிப் பக்கம் வையுங்கள். "இத்தொகுப்பிலுள்ள சில கவிதைகள், சிற்சில மாற்றங்களுக்கு முந்தைய வடிவில், கீழ்க்காணும் இதழ்களில் வெளிவந்தன" என்று எழுதி, இதழ்களின் பெயர்களை அகர வரிசையில் தாருங்கள். பரிசு பெற்ற கவிதைகளின் தலைப்பு, போட்டி, ஆண்டு, பரிசின் நிலை ஆகியவற்றை அடுத்த பத்தியில் தாருங்கள். முழுப் பட்டியலும் அங்கே இருப்பதால் பின்னட்டைக் குறிப்பை மூன்று வரிகளில் முடித்துக்கொள்ளலாம். நின்றுபோன இதழ்களின் பெயர்களையும் விட்டுவிடாதீர்கள். அவற்றை நடத்தியவர்கள் தங்கள் கைப்பணத்தைச் செலவிட்டு உங்கள் கவிதையை அச்சிட்டவர்கள்.

புன்னை எழுதியது:

கவிதைகளைக் கார்காலம் ஐயாவுக்கு அனுப்பிவிட்டேன். பரிசு பெற்றவையும் பெறாதவையும் கலந்தே உள்ளன. நன்றிப் பக்கத்தைத் தாழிசை சொன்ன முறையில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். நின்றுபோன இரண்டு இதழ்களின் ஆசிரியர்களுக்குத் தொகுப்பு வரவிருக்கும் செய்தியைச் சொல்லி இன்று கடிதம் எழுதுகிறேன். தேர்வு முடிந்து பெயர்கள் வெளியான பிறகு, எந்தக் கவிதைகளைச் சேர்த்தேன், எவற்றை விட்டேன் என்பதை இதே இழையில் காரணங்களுடன் பதிவிடுவேன்.